கல்யாண ஒப்பந்தம் எழுதுவது எப்படி? பெங்களூரில் நாங்கள் செய்த விதம்

போன வருடம் கே.ஆர்.புரம் பக்கம் வீடு வாங்கினோம். என் அப்பாவின் ஓய்வுக்காலப் பணத்தில் கொஞ்சம், என்னவர் ஊர் நிலத்தை விற்றதில் கொஞ்சம், மீதி வங்கிக் கடன். எது யாருடையது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அப்பா. மாமியார் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அது தனிக் கதை. இங்கே அந்தப் பத்திரம் மட்டும், அதாவது கணவன் மனைவிக்குள் எந்தச் சொத்து யாருடையது என்று எழுதிக்கொள்ளும் கல்யாண ஒப்பந்தம். கல்யாணத்துக்கு முன்பு எழுதுகிறவர்களுக்கும் இதே வழிதான்.

படி 1: மாதிரிப் படிவத்தைத் தூக்கிப் போடுங்கள்

நான் ஓர் அமெரிக்கப் படிவத்தை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு சிவாஜி நகரில் ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். பேனாவை எடுத்தவர் பாதிக்கு மேல் அடித்துவிட்டார்.

இந்து திருமணச் சட்டத்தில் இப்படி ஓர் ஒப்பந்தத்துக்கு இடமே இல்லை. எழுதினால் அது 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் கீழ்தான் நிற்க வேண்டும். அதன் 23ஆம் பிரிவு, பொதுநலக் கொள்கைக்கு எதிரானது செல்லாது என்கிறது. 'ஜீவனாம்சம் கேட்க மாட்டேன்' என்று எழுதினால் அடிபடுவது இதில்தான். 2013ல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கர்நாடக வழக்கில், 8,000 ரூபாய் வாங்கிக்கொண்டு இனிமேல் கேட்க மாட்டேன் என்று நீதிமன்றத்திலேயே சம்மதித்த பெண்ணுக்குக்கூட மறுபடி கேட்கும் உரிமை உண்டு என்றே முடிந்தது. குழந்தை யாரிடம் இருக்கும் என்பதும் அப்படித்தான். குழந்தையின் நலனைப் பார்த்து நீதிமன்றம் முடிவு செய்யும், நம் கையெழுத்தைப் பார்த்து அல்ல.

"அப்போ என்னதான் மிச்சம்?" என்றேன்.

"கணக்கு எழுதுங்கம்மா. நிபந்தனை எழுதாதீங்க."

படி 2: கணக்கு

கல்யாணத்துக்கு முன்பே இருந்தது, அன்பளிப்பாக வந்தது, சேர்ந்து வாங்கியது, கடன். நான்கு தாள். இதற்கென்று வரும் செயலிகள் எதுவும் வேண்டாம், எக்செல் போதும். வங்கி வைப்புத்தொகை, பி.எஃப், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் அரை மணி நேர வேலை.

நகையில்தான் நாள் போகும். வீட்டுத் தராசில் நிறுத்து எழுதினேன், தப்பு. பாட்டியின் அட்டிகையில் கல்லும் அரக்கும் சேர்ந்த எடை வேறு, தங்கத்தின் எடை வேறு. பழைய நகைக்கு ரசீதும் கிடையாது. நகைக் கடைக்குக் கொண்டுபோய் இரண்டு எடையையும் சீட்டில் எழுதி வாங்கி, சீட்டை நகைக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். மாமியார் போட்ட வளையலையும் என் தாளில்தான் எழுதச் சொன்னார் வக்கீல். பெண்ணுக்கு என்று கொடுத்தது எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அவளுடைய ஸ்திரீதனம்.

புதிதாகக் கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985ல் வந்த விதிகளே அன்பளிப்புகளுக்குப் பட்டியல் கேட்கின்றன: என்ன பொருள், ஏறக்குறைய என்ன மதிப்பு, கொடுத்தவர் பெயர், என்ன உறவு. மணமக்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த யாரும் எழுதியதில்லை. 101 ரூபாய் மொய்க்கு நோட்டுப் போட்டு ஆள் உட்கார வைக்கிறோம், 30 பவுனுக்கு ஒரு தாள் இல்லை!

படி 3: வீடு

கிரயப் பத்திரத்தில் இரண்டு பெயர் மட்டும் இருந்து, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்குச் சான்றும் இல்லையென்றால் சட்டம் பாதிப் பாதி என்றே எடுத்துக்கொள்ளும். சொத்து மாற்றுச் சட்டம், 45ஆம் பிரிவு. ஆகவே விகிதத்தைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் விட்டுவிட்டோம். அதனால் வங்கிக் கணக்கு விவரங்களை இணைத்து, போட்ட தொகையை மட்டும் ஒப்பந்தத்தில் குறித்தோம். வீட்டில் பங்கை மாற்றிக் கொடுக்க இந்தத் தாள் உதவாது. அதற்குத் தானப் பத்திரம் எழுதி, சப்-ரிஜிஸ்டிரார் அலுவலகத்தில் பதிய வேண்டும்.

படி 4: இ-ஸ்டாம்ப் (நான் விழுந்த இடம்)

ஒப்பந்தம் எழுத வேண்டிய முத்திரைத் தாளைக் கணினியில் அச்சடித்துத் தருவதுதான் இ-ஸ்டாம்ப். எங்களுக்குத் தெருமுனை சௌஹார்த சொசைட்டியில் (கூட்டுறவுச் சங்கம்) ஐந்து நிமிடத்தில் தந்தார்கள். முதல் தரப்பு, இரண்டாம் தரப்பு என்று பெயர்களை அச்சடித்தே கொடுத்தார்கள். என்னவருக்கு ஆதாரில் பெயருக்குப் பின்னால் எஸ். பான் கார்டில் அந்த எஸ், சுப்பிரமணியனாக விரிந்து நிற்கும். நான் சொன்ன பழக்கத்தில் தாளில் எஸ் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. நோட்டரி மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்து, "இதில் யாரம்மா உங்கள் வீட்டுக்காரர்?" என்றார். அச்சான பெயரைத் திருத்த முடியாது, புதுத் தாள்தான். தமிழ்நாட்டு இனிஷியலோடு இங்கே வாழ்கிறவர்கள் ஆதாரில் உள்ளதை எழுத்துக்கூட்டித் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். அச்சடிக்கும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

படி 5: கையெழுத்து

ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும். சாட்சிக்கு இரு வீட்டிலிருந்தும் ஒருவர். என்னவர் தனியாக வேறொரு வக்கீலிடம் காட்டிவிட்டு வந்துதான் போட்டார். வீண் செலவு என்று நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை. மிரட்டி வாங்கியது என்ற பேச்சு பிறகு வராது.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் இரண்டு பேர் கேட்டதால் எழுதுகிறேன். கிறிஸ்தவர்களுக்கு 1869ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தின் 40ஆம் பிரிவில், திருமணத்துக்கு முன்போ பின்போ செய்த சொத்து ஏற்பாட்டை நீதிமன்றம் கவனிக்க வழி இருக்கிறது. முஸ்லிம்கள் நிக்காஹ்நாமா என்ற திருமணப் பத்திரத்திலேயே மஹரையும் (மணமகன் மணமகளுக்குத் தரும் தொகை) நிபந்தனைகளையும் எழுதலாம். கோவாவில் போர்ச்சுகீசியர் காலச் சிவில் சட்டம் நடப்பதால், கல்யாணத்துக்கு முன்பே எழுதுவது அங்கே முறையான வழக்கம்.

இன்னொருவர், பத்து வருடம் முன்பு நடந்த கல்யாணத்துக்குப் பட்டியலுக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தார். கல்யாண ஆல்பத்தை எடுங்கள். என் கழுத்தில் கிடந்த இரண்டு சங்கிலிகளை நாங்கள் அதில் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். ஒன்று என் நாத்தனாருடையது, அன்றைக்கு இரவல் வாங்கிப் போட்டது.