மருந்து ஆய்வில் சேர்கிறவர்கள் செய்யும் தவறுகள்

புது மருந்தைச் சோதிக்கும் கிளினிக்கல் டிரையலில் சேர்கிறவர்கள் அதே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ‘ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்’ என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். பெரிய இழப்புகள் அதற்குப் பிறகுதான் நேர்கின்றன.

சொல்லாமல் வேறு ஆஸ்பத்திரியில் சேர்வது

இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது, ஏனென்றால் ஒரு போன் போதும். வழக்கமாக நடப்பது இதுதான்: ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி, மயக்கம். வீட்டார் பதறிப்போய்ப் பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்க்கிறார்கள். ஆய்வு மருந்து சாப்பிடுவதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ‘ஃபுட் பாய்சன்’ என்று எழுதி, டிரிப்ஸ் ஏற்றி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் ஆய்வு மருத்துவரிடம், “நடுவுல ரெண்டு நாள் முடியல டாக்டர்” என்கிறார் நோயாளி, அதுவும் கேட்ட பிறகு.

அன்றைக்கே கல்லீரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருந்தால் காரணம் தெரிந்திருக்கலாம். ஒரு மாதத்தில் அளவுகள் பழைய நிலைக்கு வந்துவிடலாம், ஆதாரமும் போய்விடும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வில் உடலுக்குக் கேடு வந்தால் தேவைப்படும் வரை சிகிச்சை இலவசம். அதற்கு ஆய்வு காரணமில்லை என்று உறுதியானால் அத்துடன் நிற்கும். ஆய்வுதான் காரணம் என்றால் இழப்பீடும் உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலே அது ‘கடும் பாதிப்பு’. 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், ஆய்வில் சேர்கிறவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அவருக்கே தெரியாததை அவர் எங்கே தெரிவிப்பது?

ஆய்வு மருத்துவரின் எண்ணைப் பர்ஸில் ஒன்று, வீட்டுக் காலண்டரில் ஒன்று எழுதி வையுங்கள். வேறிடத்தில் சேர்க்க நேர்ந்தால் முதல் வார்த்தையாக ஆய்வைச் சொல்லுங்கள், மருந்து டப்பாவையும் கொண்டுபோங்கள். உங்களுக்குக் கொடுப்பது நிஜ மருந்தா, வெற்று மாத்திரையா என்பது மருத்துவருக்கே மறைக்கப்பட்டிருக்கலாம். உயிர்காக்கத் தேவைப்பட்டால் அந்த ரகசியத்தை உடைக்க ஏற்பாடு உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்த ரிப்போர்ட், பில் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

‘மூலிகைதானே’ என்று மறைப்பது

கஷாயம், சூரணம், கடையில் வாங்கிய தலைவலி மாத்திரை, எல்லாமே கணக்கில் வரும். சில மூலிகைகள் கல்லீரல் அளவுகளை ஏற்றிவிடும். பழி ஆய்வு மருந்தின்மேல் விழும், உங்களையும் ஆய்விலிருந்து நிறுத்திவிடலாம். பம்பளிமாஸ் பழம்கூடச் சில மருந்துகளைச் சிதைக்கும் குடல் நொதியைத் தடுத்து, ரத்தத்தில் மருந்தைக் கூட்டிவிடும். வீட்டில் உள்ள மருந்தை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

காலி அட்டையைத் தூக்கிப் போடுவது

காலி அட்டையும் மீந்த மாத்திரையும் திரும்பிப் போக வேண்டும், ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். நான்கு வேளை தவறியிருந்தால் தவறியது என்றே சொல்லுங்கள். மீந்ததைக் குப்பையில் போட்டால், சாப்பிட்டும் பலனில்லை என்று முடிவாகும். ‘ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை’ என்று சொல்லியிருந்தால், அன்று காலை வீட்டிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த வேளைக்கு முன் ரத்தத்தில் எவ்வளவு மருந்து மிச்சமிருக்கிறது என்பதைத்தான் அளக்கிறார்கள்.

சேர்க்கப் பணம் கேட்டால்

எழுந்து வந்துவிடுங்கள்.

நாமினி கட்டத்தை வெறுமையாக விடுவது

ஒப்புதல் படிவத்தில் இருக்கும் அந்தக் கட்டம், ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்காகத்தான். பெயர், முகவரி, உறவுமுறை மூன்றையும் எழுதுங்கள். ஆய்வை விளக்கும் தகவல் தாள், கையெழுத்திட்ட படிவம் இரண்டின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும் என்பது விதி.

பதிவு எண்ணைக் கேட்காதது

2009 முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளைச் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் இணையதளத்தில் பதிவது கட்டாயம். அங்கே தேடிப் பார்க்கக் காசில்லை. உங்கள் ஆஸ்பத்திரி பெயர் பட்டியலில் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதி வந்ததா என்று பாருங்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவது

எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான சிகிச்சைக்கும் குறைவு வராது. ஆனால் சில மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதனால் சொல்லிவிட்டு, கடைசி ரத்தப் பரிசோதனைக்கும் போய் வாருங்கள்.

மருந்து கேட்டுக் குணம் தெரிந்தால் ஆய்வு முடிந்த பிறகும் கிடைக்குமா என்பதைச் சேரும்போதே கேளுங்கள். வேறு மாற்று மருந்து இல்லாமல், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழுவும் ஒப்புக்கொண்டால், நிறுவனம் அதை இலவசமாகத் தர வேண்டும்.