நடுத்தர ரக பவர் சப்ளையை எடை போடுவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

புதிதாக கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்கள் பிராசஸருக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், கிராபிக்ஸ் கார்டுக்காக இரண்டு வாரம் வீடியோ பார்ப்பார்கள், கடைசியில் கையில் மிச்சம் இருக்கிற காசுக்கு "ஏதாவது ஒரு 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைதான்) போட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுவார்கள். நானும் அப்படி முடித்தவன்தான். கேம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகும், கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து தானாக மறுபடி ஆன் ஆகும். ராமை மாற்றிப் பார்த்தேன், விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ம்ஹூம். ஒரு மாதம் கழித்து பவர் சப்ளையைக் கழற்றி, அதன் பக்கவாட்டில் முதல் நாளிலிருந்தே ஒட்டியிருந்த லேபிளைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 12 வோல்ட்டுக்கு நேராக 38 ஆம்ப் என்று போட்டிருந்தது. 12-ஐ 38-ஆல் பெருக்கினால் 456 வாட். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்த 650 எங்கே போனது? அங்கிருந்தே தொடங்கலாம், ஆனால் அதற்கு முன் சின்னதாக ஒரு கூட்டல்.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வேண்டும்?

பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துக் கூட்டுங்கள். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 60 வாட் வையுங்கள். பிராசஸரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிடிபி (எவ்வளவு வெப்பத்துக்குக் குளிர்விக்க வேண்டும் என்பதற்கான வாட் கணக்கு) என்று எழுதியிருக்கும் எண், அது இழுக்கும் உச்சம் இல்லை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 105 வாட் டிடிபி என்று வரும் பிராசஸர் 142 வாட் வரை போகும். இன்டெலின் புதிய பிராசஸர்களில் அடிப்படை வாட், டர்போ வாட் என்று இரண்டு எண் தனித்தனியாகவே கொடுத்திருப்பார்கள், பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக 142, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு 220, மற்றதற்கு 60. மொத்தம் 422.

அப்படியானால் 450 வாட் போதுமே என்று தோன்றும். போதாது. கிராபிக்ஸ் கார்டு எப்போதும் ஒரே சீராக மின்சாரம் இழுப்பதில்லை, ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்தில் தன் வழக்கமான அளவைப் போல இரண்டு மடங்குக்குக்கூடத் துள்ளிவிட்டு இறங்கிவிடும். சராசரி காட்டும் மென்பொருளில் இது தெரியவே தெரியாது. பவர் சப்ளையின் பாதுகாப்பு சர்க்யூட்டுக்கு மட்டும் தெரியும், உடனே எல்லாவற்றையும் அணைத்துவிடும். பவர் சப்ளைகளுக்காக 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதை நேராகவே எடுத்துக்கொண்டது: கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் கனெக்டரோடு வரும், 450 வாட்டுக்கு மேற்பட்ட சப்ளைகள் தங்கள் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ செகண்ட் தாங்கியாக வேண்டும். ஆகவே 422 வந்தால் 650 வாட் பாருங்கள். அதற்காக 1000 வாட்டுக்குப் போக வேண்டாம், கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது 50 வாட்தான் இழுக்கும், அவ்வளவு பெரிய சப்ளைக்கு அது 5 சதவீதப் பாரம், அங்கே எந்த சப்ளையின் திறனும் (மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் அளவு) சரிந்துவிடும்.

படி 2: லேபிளைப் படியுங்கள்

வாங்குவதற்கு முன்பே, நிறுவனத்தின் இணையதளத்தில் லேபிளின் படம் இருக்கும். படமே போடாதவர்களை நான் அந்த இடத்திலேயே விட்டுவிடுவேன்.

ஒழுங்கான ஒரு 650 வாட் சப்ளையின் லேபிள் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 3.3 வோல்ட் 20 ஆம்ப், 5 வோல்ட் 20 ஆம்ப், இவை இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 100 வாட். அடுத்த கட்டத்தில் 12 வோல்ட் 54 ஆம்ப், அதாவது 648 வாட். ஓரத்தில் மைனஸ் 12 வோல்ட் 0.3 ஆம்ப், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை 3 ஆம்ப். உங்கள் கண் நிற்க வேண்டிய இடம் அந்த 12 வோல்ட் கட்டம்தான். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே இன்று 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. 5 வோல்ட்டுக்கு எஸ்எஸ்டி, யுஎஸ்பி மாதிரியான சில்லறைச் செலவுதான். என்னுடைய பழைய சப்ளை 650 என்ற எண்ணை எட்டியது, யாருக்கும் பயன்படாத 5-ஐயும் 3.3-ஐயும் கூட்டிக் காட்டித்தான். பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் அந்த வாட் நமக்கு உதவாத வாட்.

12 வோல்ட் கட்டத்தில் வரும் எண் மொத்த வாட்டுக்கு ஒட்டியே இருந்தால் இன்னொரு நல்ல செய்தியும் சேர்ந்து கிடைக்கிறது. உள்ளே முதலில் 12 வோல்ட்டை மட்டும் தயாரித்து, அதிலிருந்து 5-ஐயும் 3.3-ஐயும் தனிச் சின்ன சர்க்யூட்டில் பிரித்து எடுக்கிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். பழைய முறையில் 12-ம் 5-ம் ஒன்றோடு ஒன்று கட்டுண்டு கிடக்கும், 12-ல் பாரம் ஏறி 5-ல் பாரமே இல்லாமல் இருந்தால் ஒன்று தாழும், மற்றது ஏறும். இன்றைய கம்ப்யூட்டர் கேம் ஓடும்போது செய்வது அச்சு அசலாக இதைத்தான்.

சில லேபிளில் 12வி1, 12வி2 என்று இரண்டு மூன்று கட்டம் இருக்கும். ஆம்ப்களைக் கூட்டாதீர்கள், அவற்றுக்குக் கீழே சேர்த்துப் போட்டிருக்கும் மொத்த வாட்டை மட்டும் பாருங்கள்.

படி 3: தங்கம், வெண்கலம்

80 பிளஸ் சின்னத்தைத் தரச் சான்றிதழ் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான சின்னம், அவ்வளவுதான். 115 வோல்ட் சோதனையில் பாதிப் பாரத்தில் பிரான்ஸுக்கு (வெண்கலம்) 85 சதவீதம், கோல்டுக்கு (தங்கம்) 90 சதவீதம் வர வேண்டும். உள்ளே 300 வாட் தேவைப்படும்போது பிரான்ஸ் சுவரிலிருந்து 353 வாட் இழுக்கும், கோல்டு 333. வித்தியாசம் 20 வாட், ஒரு எல்இடி டியூப்லைட் அளவு. மின் கட்டணத்தில் இது பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த 20 வாட் உள்ளே வெப்பமாகத்தான் மாறுகிறது, ஃபேன் அதற்கேற்ப கத்தும்.

சோதனை நடப்பது 23 டிகிரி அறையில், நிறுவனம் தானே அனுப்பிவைக்கும் மாதிரியில். உங்கள் கேபினட்டுக்குள் கோடை மதியத்தில் 23 டிகிரி இருக்குமா என்ன. ஆனாலும் கோல்டு எட்ட வேண்டுமென்றால் மட்டமான சர்க்யூட்டை வைத்து எட்டுவது கஷ்டம், அந்த வகையில் சின்னம் ஒரு குறிப்பு. சைபனெட்டிக்ஸ் என்ற அமைப்பின் மதிப்பீடும் இருந்தால் அதையும் பாருங்கள், திறனுக்குத் தனியாகவும் சத்தத்துக்குத் தனியாகவும் தருகிறார்கள்.

படி 4: விமர்சனத்தில் எதைத் தேடுவது?

பெட்டியைப் பிரித்து கேபிளைத் தடவிக் காட்டும் விமர்சனங்கள் நமக்கு வேண்டாம். பாரம் ஏற்றும் கருவியும் அலைகாட்டியும் வைத்துச் சோதிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடம் உங்கள் மாடல் இருக்கிறதா என்று தேடுங்கள். வாட்டும் சரியாக இருக்க வேண்டும். ஒரே பெயரில் வரும் 550-ம் 850-ம் உள்ளே வேறு வேறாக இருக்கலாம், சில சமயம் தயாரித்த தொழிற்சாலையே வேறாக இருக்கும். சீசானிக், சூப்பர் ஃப்ளவர், சேனல் வெல், எஃப்எஸ்பி போன்ற சில நிறுவனங்கள் தயாரித்துக் கொடுக்க, மற்ற பல பிராண்டுகள் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டி விற்கின்றன. எனவே பிராண்டை நம்பி வாங்குவது எனக்கு உவப்பில்லை, மாடலை நம்பி வாங்குங்கள்.

அந்த விமர்சனத்தில் முதலில் ரிப்பிள். 12 வோல்ட் என்று நாம் சொல்வது நேர்கோடு இல்லை, அதன் மேல் சின்னச் சின்ன அலை ஓடிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட்டில் அந்த அலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, 5-லும் 3.3-லும் 50-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. நல்ல நடுத்தர சப்ளை முழுப் பாரத்தில் 12 வோல்ட்டில் 50-க்குள் நின்றுவிடும். 110 என்று வந்தால் விதிப்படி பாஸ்தான், ஆனால் நான் வாங்க மாட்டேன், அந்த அலையைச் சமன் செய்யும் வேலை மதர்போர்டிலும் கிராபிக்ஸ் கார்டிலும் இருக்கும் கெப்பாசிட்டர்களின் தலையில் விழுகிறது, வருடக்கணக்கில் சூடாகிச் சோர்ந்துபோவது அவைதான்.

அடுத்து, சோதனையை எத்தனை டிகிரியில் செய்தார்கள். 40 அல்லது 45 டிகிரியில் முழுப் பாரம் தாங்கியதென்றால் மதிப்பு உண்டு. கெப்பாசிட்டர் பற்றிப் பேசும்போது அது தாங்கும் வெப்பம் 105 டிகிரி, 85 டிகிரி என்று வரும், 105 நல்லது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கணக்கு.

பாதுகாப்புகளில் ஓவிபி (வோல்ட் மீறினால்), ஓசிபி (ஆம்ப் மீறினால்), ஓபிபி (வாட் மீறினால்), எஸ்சிபி (ஷார்ட் ஆனால்), ஓடிபி என்று எழுத்து வரிசை கட்டி நிற்கும். மலிவு சப்ளைகளில் பெரும்பாலும் காணாமல் போவது கடைசியில் இருக்கும் ஓடிபி, அதாவது அளவுக்கு மீறிச் சூடானால் அணைப்பது. ஃபேன் நின்றுபோன நாளில் உங்களைக் காப்பாற்றப்போவது அது ஒன்றுதான், ஆகவே அது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஹோல்டு அப் டைம் என்ற எண்ணையும் விடக் கூடாது. கரண்ட் போன பிறகும் சப்ளை எத்தனை மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்கும் என்பது அது. ஏடிஎக்ஸ் 3.0 கேட்பது 80 சதவீதப் பாரத்தில் 17 மில்லி செகண்ட். சாதாரண யுபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்ட் எடுக்கும், அதற்குள் சப்ளை மூச்சை விட்டுவிட்டால் யுபிஎஸ் இருந்தும் ரீஸ்டார்ட்தான்.

படி 5: கேபிள்

கிராபிக்ஸ் கார்டில் 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட் கணக்கு. கார்டில் இரண்டு இருந்தால், சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் வருகிறதா என்று பாருங்கள்; ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை இருப்பதைவிட அது மேல். 16 பின் கனெக்டர் தேவைப்படும் கார்டு என்றால் 12வி-2x6 என்ற புதிய வடிவம் இருப்பதை எடுங்கள், மாட்டும்போது இடைவெளி தெரியாதபடி கடைசி வரை அழுத்துங்கள்.

மாடுலர் சப்ளை (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய சப்ளையின் கேபிள் புதியதில் அழகாக உட்காரும். உட்காருகிறதே என்று விட்டுவிடாதீர்கள், சப்ளைப் பக்கம் எந்த பின்னில் என்ன வோல்ட் வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது. கேபினட்டில் ஏற்கெனவே அழகாகக் கட்டி வைத்த சாட்டா கேபிளை எதற்கு அவிழ்ப்பது என்று சோம்பல்பட்டு அப்படியே மாட்டி, ஒரு ஹார்டு டிஸ்க்கை நான் வழியனுப்பி வைத்தேன். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போயிருக்கிறது. சின்னதாக ஒரு 'டிக்', அப்புறம் ஒரு வாசனை.

படி 6: வந்த பிறகு வீட்டில் சோதிப்பது

முதலில் ஒன்று: பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட்டுக்குப் பக்கத்தில் மின்சாரம் தேங்கியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கிய நிலையில் 24 பின் கனெக்டரின் 16-வது பின்னையும் அதன் பக்கத்திலுள்ள 17-ஐயும் ஒரு வளைத்த பேப்பர் கிளிப்பால் இணையுங்கள் (பழைய சப்ளையில் பச்சை, கறுப்பு ஒயர், இப்போது எல்லாமே கறுப்பு, அதனால் படத்தைப் பார்த்து எண்ணுங்கள்). பிறகு பிளக்கைச் செருகி சுவிட்ச் போட்டால் ஃபேன் சுற்றும். பாரம் இல்லாதபோது ஃபேன் நிற்கும் வகை என்றால் சுற்றாது, அதைப் பார்த்துப் பதறி திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இந்தச் சோதனை சொல்வது ஆன் ஆகிறது என்பதை மட்டும்தான்.

உண்மையான சோதனை பாரத்தோடு. கம்ப்யூட்டரில் மாட்டி, மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பயன்படாமல் தொங்கும் ஒரு நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டரை எடுங்கள். நான்கு துளைகளில் நடுவில் இருக்கும் இரண்டும் கிரவுண்டு, ஓரத்தில் ஒன்று 12, மற்றது 5. கறுப்புக் கம்பியை நடுவில் விட்டு, சிவப்பை ஒரு ஓரத்தில் விட்டால் எது எது என்று மீட்டரே சொல்லிவிடும். இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது, அதில் மட்டும் கவனம்.

சும்மா இருக்கும்போது வரும் 12 வோல்ட் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓசிசிடி மாதிரி ஒரு மென்பொருளில் பவர் சோதனையை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். 11.40-லிருந்து 12.60 வரை விதி அனுமதிக்கிறது. என்னுடைய இப்போதைய சப்ளை 12.11-ல் ஆரம்பித்து 12.04-ல் நின்றது. 12.20-ல் ஆரம்பித்து 11.50-க்கு இறங்கினால் எல்லைக்குள்தான் இருக்கிறது என்றாலும் கால் ஆடுகிறது என்று அர்த்தம். மானிட்டர் மென்பொருள் திரையில் காட்டும் வோல்ட்டை இதற்கு நம்ப வேண்டாம், எனக்கு அது ஒருமுறை 10.8 என்று காட்டிவிட்டு எதுவுமே நடக்காதது போல கேமை ஓட்டியது.

அந்த அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து காதையும் கொடுங்கள். ஃபேன் காற்றுச் சத்தம் சகஜம், லேசான 'கீ' என்ற காயில் (உள்ளே இருக்கும் கம்பிச்சுருள்) சத்தம் எரிச்சல் தரும், ஆனால் ஆபத்து இல்லை. கருகிய வாசனை வந்தால் உடனே அணைத்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், எடுத்த இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி கேபினட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள், பில்லையும் புகைப்படம் எடுத்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து அதே மீட்டரில் அதே சோதனையை ஓட்டும்போது 12.04 இருந்த இடத்தில் 11.70 வந்தால், அந்த பில்லைத் தேடுங்கள்.