பயாஸ் புதுப்பிப்பு பாதியில் நின்ற மடிக்கணினியை மீட்பது

தருமபுரியில் எங்கள் வீட்டில் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு பாதியில் இருந்தபோது மின்சாரம் போனது. பேட்டரியும் வலுவிழந்திருந்ததால் மடிக்கணினி அணைந்தது. மீண்டும் போட்டபோது விசிறி சுழன்றதே தவிர, திரை கறுப்பாகவே இருந்தது. அஞ்ச வேண்டாம்: பயாஸ் தாய்ப்பலகையின் தனிச் சில்லில் இருப்பதால், உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

வேறொரு கணினியில், தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கே உரிய பயாஸ் கோப்பை இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில், அவர்கள் குறிப்பிடும் பெயரிலேயே சேமியுங்கள். பென்டிரைவைச் செருகிச் சார்ஜரை இணைத்தபின், ஹெச்பி எனில் விண்டோஸ், பி விசைகளை விடாமல் அழுத்தியபடி பவர் பொத்தானை 2 அல்லது 3 விநாடி அழுத்துங்கள். டெல்லின் பல மாடல்களில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் விசைகளை விடாமல் அழுத்தியபடி சார்ஜரை மீண்டும் இணையுங்கள். திரை சில நிமிடம் இருண்டே இருக்கலாம், அப்போது அணைத்துவிடாதீர்கள்.

இதற்கும் மசியாவிட்டால், சில்லில் நேரடியாக எழுதும் புரோகிராமர் கருவி உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, பழைய பதிவை நகலெடுத்த பின்பே எழுதச் சொல்லுங்கள்.