காலி டப்புக்கு சிலிகான் அடிக்காதீங்க: பாத்டப் வேலையில தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டுக்கு வாஷ்பேசின் மாட்ட போயிருந்தேன், மாடி பாத்ரூம்ல ரெண்டு பசங்க பாத்டப் வேலைய முடிச்சிட்டு இருந்தாங்க. நல்லா தான் பண்ணிருந்தாங்க, டைல்ஸ் ஜாயின்ட் எல்லாம் நூல் புடிச்ச மாதிரி. ஆனா ஒருத்தன் இடுக்க அடைக்கற சிலிகான் பசை கன்ன கையில எடுக்கறான், டப்பு காலியா கிடக்கு. எனக்கு வயித்த கலக்கிருச்சு. "தம்பி, தண்ணி ரொப்புனியா?"ன்னேன். "எதுக்குங்ணா, இன்னும் சிலிகானே அடிக்கலயே"ங்கறான். பன்னெண்டு வருசம் முன்னாடி என்னைய கேட்டிருந்தா நானும் அதையே தான் சொல்லிருப்பேன்.

மட்டம் பாக்கறது, ஸ்பேசர் வைக்கறது, கீறல் விழாம டப்புமேல அட்டை போட்டு மூடறது, இதெல்லாம் நான் சொல்லி தெரியவேண்டியதில்ல. கைக்காசு கரையற தப்ப மட்டும் சொல்றேன்.

காலி டப்புல சிலிகான்

அக்ரிலிக் டப்பு கல்லு மாதிரி அசையாம கிடக்காது, வெயிட் ஏறுனா கொஞ்சம் இறங்கும். 150 லிட்டர் தண்ணி விட்டு 70 கிலோ ஆள் உள்ள உக்காந்தா 220 கிலோ. அந்த பாரத்துல விளிம்பு ரெண்டு மில்லிமீட்டர் கீழ போச்சுன்னா, செவுத்து டைல்ஸுக்கும் டப்புக்கும் நடுவுல நீங்க அடிச்ச சிலிகான் ஒரு பக்கம் பிச்சுக்கும். ஆள் எந்திரிச்சதும் டப்பு மேல வந்துரும், கோடு மறுபடி ஒட்டுன மாதிரியே தெரியும். இந்த எழவால தான் கண்டுபுடிக்கவே முடியாது.

நான் இதுல மாட்டிக்கிட்டது தர்மபுரி பென்னாகரம் ரோட்டுல ஒரு வீடு. மாடியில பாத்டப், நேர் கீழ ஹால், புதுசா போட்ட ஜிப்சம் சீலிங். நாலு மாசத்துல சீலிங்ல டீ கொட்டுன மாதிரி கறை. பைப் லைனுக்கு பம்ப் வச்சு பிரஷர் குடுத்தோம், மீட்டர் முள்ளு இறங்கவே இல்ல. டப்ப ரொப்பி ராத்திரி முழுக்க விட்டோம், கீழ ஒரு சொட்டு இல்ல, ஏன்னா தண்ணி டப்புக்குள்ள தான நிக்குது, விளிம்புக்கு மேல போகலயே. சரி மொட்டை மாடி ஒழுகுதுன்னு முடிவு பண்ணி அந்த வீட்டுக்காரர் அதுக்கு தனியா வாட்டர் புரூஃப் கோட்டிங் அடிச்சாரு, பாவம். கறை பெருசாயிட்டே போச்சு. கடைசியில ஒருநாள் கடுப்புல லுங்கிய மடிச்சு கட்டிட்டு நானே காலி டப்புக்குள்ள எறங்கி நின்னு குனிஞ்சு பாத்தேன், சிலிகானுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு போற அளவுக்கு வாய் தொறந்து கிடக்கு, வெளிய வந்தா மூடிக்குது. அவங்க டப்புல நின்னு ஷவர்ல குளிக்கறப்ப செவுத்துல வழியற தண்ணி பூரா அதுக்குள்ள தான் போயிருக்கு.

விளிம்ப ஒட்டி ரெண்டு வரிசை டைல்ஸ மட்டும் கழட்டி மாத்தலாம்னா அந்த டிசைன் வர்றது நின்னு போச்சு. முழு செவுரும் புதுசு. சீலிங்கும் என் தலையில. அந்த வேலையில வாங்குன கூலிக்கு ரெண்டு மடங்கு போட்டு கட்டுனேன், இன்னைக்கும் அந்த ரோட்டுல போனா மூஞ்ச திருப்பிக்குவேன்.

தப்பு ரெண்டுங்க. ஒண்ணு, டப்ப விளிம்புலயே தொங்க விட்டது. வெயிட்ட அடி தான் வாங்கணும், விளிம்பு இல்ல. டப்போட கால் வந்தா நாலும் தரையில அழுத்தி உக்காந்திருக்கணும், கால் இல்லாத டப்புக்கு அடியில கெட்டியா சிமெண்ட் கலவைய போட்டு ஈரத்துலயே அமுக்கி உக்கார வைக்கணும். சும்மா மணல கொட்டி விடறாங்க சில பேர், ஈரம் பட்டா மணல் அமுங்கி பள்ளம் விழும்.

ரெண்டாவது சிலிகான். டைல்ஸுக்கும் டப்புக்கும் மூணு மில்லிமீட்டர் கேப் விடணும், அதுல டைல்ஸ் இடுக்குல பூசற கிரவுட் போகக்கூடாது, வெடிச்சுரும். டப்ப ஓவர்ஃப்ளோ ஓட்டை வரைக்கும் ரொப்பி, இறங்கற அளவுக்கு இறங்க விட்டு, மேல துடைச்சு காய வச்சு, அப்புறம் சிலிகான். காயற வரைக்கும், குறைஞ்சது ஒரு நாள், தண்ணி உள்ளயே நிக்கணும். சாயங்காலமே சாவி குடுக்கணும்னு அவசரப்பட்டு தொறந்து விட்டா செஞ்ச வேலை வீண்.

செக்கிங் டோர் வைக்காதது

வைங்க. வேஸ்ட் கப்ளிங், அதாவது டப்பு தண்ணி வெளிய போற பைப் சேர்ற இடம், இருக்கற பக்கம், கை போற அளவுக்கு ஒரு சின்ன கதவு. அழகு கெடும்னு வீட்டம்மா சொன்னாலும் வைங்க.

டைல்ஸே தண்ணி தடுக்கும்னு நினைக்கறது

தடுக்காது. பின்னாடி வாட்டர் புரூஃப் கோட்டிங் டப்பு விளிம்பு வரைக்கும் இறங்கி வரணும். விளிம்புல மேல தூக்குன மடிப்பு இருந்தா டைல்ஸ் அதுக்கு மேல வந்து இறங்கணும், அதுக்கு பின்னாடி போகக்கூடாது.

கிரானைட்டுக்கு கண்ட சிலிகான்

கல்லுக்கு நமக்கு பஞ்சமா, பர்கூர் பக்கம் போனா வேணுங்கற கலர்ல கிடைக்குது, அதனால டப்ப சுத்தி திண்டுக்கு எல்லாரும் கிரானைட் தான் கேக்கறாங்க. மூக்க துளைக்கற வினிகர் வாசம் அடிக்கற சிலிகான கல்லு மேல போடாதீங்க, ஓரத்துல கறை புடிக்கும், நியூட்ரல்னு கேட்டு வாங்குங்க. திண்டு டப்பு பக்கமா லேசா சரிஞ்சிருக்கணும். கால் வைக்கற படிக்கு பாலிஷ் கல்லு வேணவே வேணாம், தீயில சுட்டு சொரசொரப்பாக்குன ஃப்ளேம்டு கல்லு போடுங்க.

ஆசிட்

ஒகேனக்கல் தண்ணி குடிக்க வருது, டப்ப ரொப்பறதுக்கு போர் தண்ணி தான். அந்த உப்பு வெள்ளையா படியும். அதுக்குன்னு ஆசிட் ஊத்துனா சிமெண்ட் கிரவுட்டும் போச்சு, கல்லு பளபளப்பும் போச்சு. குளிச்சதும் துணியால துடைச்சு விட சொல்லுங்க.

காவேரிப்பட்டணத்து பசங்க கன்ன கீழ வச்சிட்டு மோட்டார போட்டாங்க. பாதி ரொம்பறப்பவே ஒரு மூலையில விளிம்பு லேசா இறங்குச்சு, அந்த பையன் என்னைய பாத்தான். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தண்ணிய தொறக்காதடான்னு சொல்லிட்டு நான் வாஷ்பேசின பாக்க கீழ போயிட்டேன்.