குழந்தைக்கும் பெரியவருக்கும் ஜுஜிட்சு: என்ன கிடைக்கும், எங்கிருந்து தொடங்குவது

எதிராளியைப் பிடித்து மடக்கும் ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஜுஜிட்சுவில் முதல் நாளே பழக வேண்டியது தட்டுவது. கூடப் பயில்பவரின் கை உங்கள் கழுத்தைச் சுற்றி இறுகும்போதோ, முழங்கை மடங்கக் கூடாத பக்கம் போகும்போதோ, அவர் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை உறைக்கிற மாதிரித் தட்ட வேண்டும். கை சிக்கியிருந்தால் காலால் தரையைத் தட்டலாம், வாய்விட்டு "டேப்" என்று சொல்லலாம். தட்டிய நொடியே அவர் பிடியை விட்டாக வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கலையின் பலன்கள் எல்லாமே இந்த ஏற்பாட்டில்தான் நிற்கின்றன. குத்தும் உதையும் பழகுகிறவர்கள் முழு வேகத்தில் ஒருவரையொருவர் தினமும் அடித்துக்கொள்ள முடியாது. இங்கேயோ, எதிரில் இருப்பவர் உண்மையாகவே எதிர்க்க, நாமும் உண்மையாகவே முயன்று பார்க்கலாம். ஒரு மணி நேரத்தில் பத்து முறை தோற்று, பத்து முறையும் அடிபடாமல் எழுந்து, அடுத்த சுற்றுக்குக் கை கொடுக்கலாம். எட்டு வயதுக் குழந்தைக்கும் நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் இப்படித் தோற்றுப் பழகும் இடம் வேறு எங்கும் எளிதில் கிடைப்பதில்லை.

ஜப்பானிய மொழியில் 'ஜு' என்றால் மென்மை, வளைந்துகொடுத்தல். 'ஜுட்சு' என்றால் நுட்பம். பழைய ஜுஜிட்சு பள்ளிகளில் பயின்ற ஜிகோரோ கானோ 1882ல் ஜூடோவை உருவாக்கினார். அவருடைய கோடோகான் பள்ளியில் தேறிய மிட்சுயோ மயேடா 1914ல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அங்கே கிரேசி குடும்பத்தின் கையில் அது தரைச் சண்டையை மையமாக வைத்த பிரேசிலிய ஜுஜிட்சுவாக வளர்ந்தது. 1993ல், வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியில், தன்னைவிட எடை கூடியவர்களைத் தரையில் வைத்து மடக்கி ராய்ஸ் கிரேசி வென்ற பிறகுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. வகுப்பு தேடும்போது இந்த வரலாறு உதவும். பாரம்பரிய ஜப்பானிய வகுப்பில் எறிதல், மூட்டுப் பிடி, அடி மூன்றும் இருக்கும். பெரும்பாலும் இருவர் முன்கூட்டியே முடிவான வரிசைப்படி செய்வார்கள். பிரேசிலிய வகுப்பில் தரைப் பயிற்சியும், 'ரோலிங்' எனப்படும் நேரடிப் போராட்டமும் அதிகம். எதைத் தேர்ந்தாலும் சரி, எதிர்ப்போடு பழக வைக்கிறார்களா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். எதிர்ப்பில்லாமல் கற்ற பிடி, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டுப் போகும்.

விழப் பழகுதல்

தட்டுவதற்கு அடுத்தது விழுவது. தரையில் குந்தி உட்காருங்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை இடுப்புப் பட்டையில் வையுங்கள். அப்படியே பின்னால் உருண்டு, தோள்பட்டை தரை தொடும் கணத்தில் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து ஏறக்குறைய 45 பாகை விலக்கி, உள்ளங்கை முதல் முழங்கை வரை முழுதாகத் தரையில் அறைந்து மூச்சை வெளியே விடுங்கள். அதிர்ச்சி முதுகெலும்பில் போகாமல் கைகளில் பரவுகிறது. கையைத் தோளுக்கு நேராக விரித்தால் தோள்மூட்டு அடிவாங்கும். பின்னால் ஊன்றித் தடுக்கப் பார்த்தால் மணிக்கட்டோ முழங்கையோ முறியும். முகவாய் விலகினால் பின்மண்டை மோதும். குந்தியபடி தவறில்லாமல் வந்த பிறகே நின்றபடி விழ முயல வேண்டும்.

குழந்தைக்கு இந்தக் கலை கொடுப்பதில் வாழ்நாள் முழுக்கக் கூட வருவது இதுதான் என்பது எங்கள் கருத்து. சைக்கிளிலிருந்து சாய்ந்தாலும் ஈரத் தரையில் வழுக்கினாலும் கையை ஊன்றாமல் உருளப் பழகிய உடம்புக்குக் காயம் குறையும். வயதானவர்கள் கற்பதானால் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, கனமான மெத்தை மேல், இன்னும் நிதானமாகச் செய்யலாம்.

குழந்தைகள்

நான்கு முதல் ஏழு வயது வரை விளையாட்டாகத்தான் இருக்க வேண்டும். கரடி நடை, நண்டு நடை, இறால்போல் இடுப்பை ஒதுக்கி நகர்வது, ஒருவர் பட்டையை மற்றவர் பறிப்பது. முப்பது நாற்பது நிமிடம் போதும். இந்த வயதில் கழுத்தை நெரிக்கும் பிடியும் மூட்டுப் பூட்டும் தேவையே இல்லை. மேலே ஏறி உட்கார்ந்து நிலைகொள்வது, கீழிருந்து தப்புவது, இவையே போதும். எட்டு வயதுக்கு மேல் நிலைகளுக்குப் பெயர் சொல்லி, ஏன் இந்த நிலை அதைவிட மேல் என்று விளக்கலாம். பிடிகளை மெதுவாக, பயிற்சியாளர் கண்முன் மட்டும். குதிகாலைத் திருகும் பூட்டைச் சிறுவர்களுக்கு எந்த நல்ல வகுப்பும் கற்றுத்தராது: வலி தெரியும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்துவிடும்.

பள்ளியில் வம்பிழுக்கும் பிள்ளைகளிடம் சிக்கும் குழந்தைக்கு, குத்தாமல் தப்பிக்க ஒரு வழி இங்கே கிடைக்கிறது. சட்டையைப் பிடித்தால் பிடியை உடைப்பது, கீழே தள்ளினால் எழுந்து நிற்பது, தேவையானால் மேலே அமர்ந்து கையை அமுக்கி ஆசிரியர் வரும்வரை நிறுத்துவது. யாருக்கும் மூக்கு உடையாது. இன்னொன்றும் சேர்ந்தே பழக்கமாகிறது. தட்டினால் விட வேண்டும் என்பதைத் தினமும் இருபது முறை செய்யும் பிள்ளைக்கு, 'வேண்டாம்' என்றால் நிறுத்த வேண்டும் என்று தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கெடுவது பெரும்பாலும் பெரியவர்களால். ஓரத்தில் உட்கார்ந்து "விடாதே, பிடி" என்று கத்தும் பெற்றோரின் பிள்ளை தட்டத் தயங்கும். தட்டத் தயங்கும் பிள்ளைக்கு அடிபடும். ஆறே மாதத்தில் போட்டிக்கு அனுப்புவதும், பத்துக் கிலோ கூடிய பிள்ளையோடு திரும்பத் திரும்பச் சேர்த்துவிடுவதும் ஆர்வத்தைக் கொன்றுவிடும். வீட்டுக்கு வந்ததும் "ஜெயிச்சியா?" என்பதற்குப் பதில் "இன்னைக்கு எதுலேருந்து தப்பிச்சே?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை தரையில் படுத்துச் செய்தே காட்டும். ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வையுங்கள்: தம்பி தங்கை மேல் கழுத்துப் பிடி எதையும் செய்து பார்க்கக் கூடாது.

ஒரு தப்பித்தலை அருகில் பார்த்தால்

உங்கள் நெஞ்சின் மேல் ஒருவர் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். இதற்கு 'மவுண்ட்' என்று பெயர். புதியவர் உடனே செய்வது, இரண்டு கைகளையும் நீட்டி அவர் மார்பைத் தள்ளுவது. நீட்டிய கை அவருக்குப் பரிசு. அதை அப்படியே பிடித்துப் பக்கவாட்டில் விழுந்து முழங்கையை மடக்கிவிடுவார். ஆகவே முதலில் முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள்.

அவருடைய வலது கை உங்கள் நெஞ்சில் ஊன்றியதும், ஒரு கையால் மணிக்கட்டையும் மறு கையால் முழங்கைக்கு மேலும் பிடித்து நெஞ்சோடு இறுக்குங்கள். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே போட்டு உள்ளே அணைத்துக்கொள்ளுங்கள். இப்போது அவருக்கு அந்தப் பக்கம் ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை: நான்கு காலில் இரண்டு போன மேசை. இரண்டு குதிகால்களையும் பிட்டத்துக்கு அருகே இழுத்து, இடுப்பை உயரத் தூக்கி, இடது தோளுக்கு மேல் பார்த்தபடி அந்தத் தோளின் மேலேயே உருளுங்கள். அவர் கீழே, நீங்கள் அவர் கால்களுக்கு நடுவே மேலே.

வராவிட்டால் காரணம் மூன்றில் ஒன்று. பாதத்தை அணைக்க மறந்திருப்பீர்கள். அவர் காலை விரித்து ஊன்றிக்கொள்வார். குதிகால் தொலைவில் இருந்திருக்கும், இடுப்பு உயராது. அல்லது நேர் மேலே தூக்கியிருப்பீர்கள். அவர் எழும்பித் திரும்ப அதே இடத்தில் உட்காருவார். கனமானவரைப் புரட்ட முடிவது கை வலுவால் இல்லை, கால், இடுப்பு, திசை மூன்றும் சேர்வதால். முதல் தடவை வரும்போது எந்த வயதுக்காரர் முகத்திலும் ஒரே ஆச்சரியம்தான்.

பெரியவர்கள்

நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் உடம்புக்கு இடுப்பு மூட்டு இறுகியிருக்கும், முதுகு தளர்ந்திருக்கும். இறால் நகர்வும் மேலே சொன்ன இடுப்புத் தூக்கலும் இரண்டையும் வேலை வாங்கும். பிடிவலு கூடும், மூச்சு நீளும். அதைவிடப் பெரியது மனதில் நடப்பது. எண்பது கிலோ மனிதர் மேலே அழுத்தும்போது பதறினால் ஒரு நிமிடத்தில் களைத்துவிடுவீர்கள். மூச்சை மூக்கால் இழுத்து, அடுத்து எந்தக் கை, எந்தக் கால் என்று யோசித்தால் வழி தெரியும். இதை வாரம் இருமுறை செய்பவருக்கு அலுவலக நெருக்கடியில் வரும் படபடப்பும் பழகின விஷயமாகிவிடும்.

வாரம் இரண்டு வகுப்பு. முதல் மூன்று மாதத்துக்கு அதற்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் ஐந்து நாள் போகிறவர்கள் விரல் மூட்டு வீங்கியோ விலா பிடித்தோ இரண்டாம் மாதமே நின்றுவிடுகிறார்கள். முதல் மாதம் விழுதல், தட்டுதல், இடுப்பு நகர்வு. அடுத்த மாதம் நிலைகள்: மவுண்ட், பக்கவாட்டு அழுத்தம், முதுகுப் பிடி, கால்களால் எதிராளியைத் தடுக்கும் 'கார்ட்'. மூன்றாம் மாதம் பழகியவர்களோடு அரை வேகத்தில் ரோலிங், ஐந்து நிமிடச் சுற்றாக இரண்டு மூன்று. இன்னொரு புதியவரைவிட அனுபவசாலியோடு உருள்வதே பாதுகாப்பு. புதியவர்கள் இருவர் சேர்ந்தால் இருவருமே வலுவால் ஈடுகட்டப் பார்ப்பார்கள்.

கழுத்தின் இரு பக்க ரத்தக் குழாய்களையும் அழுத்தும் பிடி முழுதாக அமர்ந்தால் பத்து விநாடிக்குள் நினைவு போகலாம். வலிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், அமர்ந்ததுமே தட்டுங்கள். யாராவது மயங்கினால் உடனே விட்டு, மல்லாக்கப் படுக்க வையுங்கள். தெளிந்தாலும் அன்று அவர் திரும்ப உருளக் கூடாது, மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

தற்காப்பு என்ற பேச்சில் நேர்மை வேண்டும். எதிரில் கத்தி இருந்தாலோ பலர் இருந்தாலோ தரைக்குப் போவது ஆபத்து. ஒருவரைப் பிடித்திருக்கும்போது அடுத்தவர் தலையில் உதைப்பார். அங்கே பயன்படுவது பிடியிலிருந்து விடுபடுவது, ஒரு கை ஊன்றி முகத்தைக் காத்தபடி எழுவது, ஓடுவது.

வகுப்பும் துப்புரவும்

மெத்தை சுமார் 4 சென்டிமீட்டர் கனமாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். இடைவெளியில்தான் கால்விரல் மாட்டும். பெற்றோர் உட்கார்ந்து பார்க்க அனுமதிக்காத இடத்தில் குழந்தையைச் சேர்க்காதீர்கள். பயிற்சியாளர் எடை பார்த்து ஜோடி சேர்க்கிறாரா, தட்டியும் விடாதவரைக் கண்டிக்கிறாரா என்று ஒரு வகுப்பு முழுக்கக் கவனியுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டுங்கள். உடுப்பை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துவையுங்கள், பட்டையையும் சேர்த்து. கழிப்பறைக்குச் செருப்பில்லாமல் போய்விட்டு மெத்தையில் ஏறாதீர்கள். தோலோடு தோல் உரசும் இடம் என்பதால் படர்தாமரை ஒருவரிடமிருந்து வகுப்பு முழுக்கப் பரவும். வட்டமாய்ச் சிவந்து அரித்தால் மருத்துவர் சரி சொல்லும்வரை வீட்டில் இருங்கள். காது மடல் வீங்கி மெத்தென்று ஆனால் அன்றோ மறுநாளோ காட்டுங்கள். குருத்தெலும்புக்கும் அதன் உறைக்கும் நடுவே தேங்கிய ரத்தத்தை வடிக்காவிட்டால் மடல் முடிச்சாக இறுகி அப்படியே நின்றுவிடும். தலையில் அடிபட்டவர், கர்ப்பிணிகள், கழுத்தெலும்பில் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவர் அனுமதி இல்லாமல் மெத்தை ஏற வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக உள்ளனவா என்று முன்பே பார்க்க வேண்டும்.

பட்டையைப் பற்றிப் பலர் முதல் வாரமே கேட்பார்கள். பிரேசிலிய முறையில் பதினைந்து வயது வரை வெள்ளை, சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. பதினாறிலிருந்து வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு. கறுப்புக்குக் குறைந்த வயது 19, ஆனால் வாரம் இரண்டு மூன்று நாள் வருகிறவருக்குப் பத்தாண்டு ஆவது சகஜம். இரண்டே ஆண்டில் கறுப்பு தருகிறோம் என்று சொல்லும் வகுப்பிலிருந்து பணத்தைக் கட்டாமல் திரும்பிவிடுங்கள்.