உப்புக்காற்று ஊரில் பழைய ஜீப்புக்குப் புதுப் பெட்ரோல் லைன் இழுப்பது எப்படி

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் பழைய பெட்ரோல் ஜீப் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை கீழே படுத்து, டேங்கிலிருந்து எஞ்சின் பக்கம் இருக்கும் பெட்ரோல் பம்ப் வரை போகும் இரும்புப் பைப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் அதை ஒட்டுப்போட்டு ஓட்ட வேண்டாம், முழுசாக மாற்றிவிடுங்கள். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தார் துருவைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், இந்தக் காற்று எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் ஜீப்பில் முன்பு வைத்திருந்தவர் டேங்கைப் பின்பக்கம் மாற்றியிருந்தார், அதனால் லைன் நீளம். சேசிஸ் சட்டத்தில் தகடு வைத்து மூடிய பகுதிக்குள்ளே பைப்பைச் செருகிக் கொண்டுபோயிருந்தார்கள். பார்க்க அழகு. ஆனால் வண்டி வேகமெடுத்தாலே மூச்சுத் திணறும். கார்புரேட்டரைக் கழுவினோம், பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை (டயாபிரம்) மாற்றினோம், கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. கடைசியில் அந்த மூடிய பகுதிக்குள் பைப்பில் ஊசிமுனை ஓட்டை. பம்ப் உறிஞ்சும் பக்கம் அது, அதனால் பெட்ரோல் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போயிருக்கிறது.

அதனால் நான் அடித்துச் சொல்வது இதுதான்: மூடிய சட்டத்துக்குள் லைனை விடாதீர்கள். அங்கே உப்புத்தண்ணீரும் மணலும் தேங்கும், கையும் போகாது, கண்ணும் போகாது. 'சி' வடிவச் சட்டத்தின் உள்பக்க முகத்தில், மேல் விளிம்புக்குக் கீழே ஒட்டினாற்போல் கொண்டுபோங்கள். அடி விளிம்பில் வைத்தால் கல் அடிக்கும். சைலன்சர் ஒரு பக்கம் போனால் லைன் மறுபக்கம், வேறு வழியே இல்லையென்றால் 10 செ.மீ. இடைவெளியாவது விட்டு நடுவில் ஒரு தகடு மறைப்பு. சூட்டில் பெட்ரோல் லைனுக்குள்ளேயே ஆவியானால் நம் ஊர் மே மாத வெயிலில் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

பைப் எது? பழையதை அளந்து அதே அளவு வாங்குங்கள், பெரும்பாலும் 8 மி.மீ. செம்பும் நிக்கலும் கலந்த பைப் கிடைத்தால் அதுதான் நம் கடற்கரைக்கு. கையாலேயே வளையும், துருப்பிடிக்காது. ஃப்ரிட்ஜுக்குப் போடும் வெறும் செம்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி ஒருநாள் கீறிவிடும்.

வேலைக்கு முன் டேங்கைக் காலி செய்து, பேட்டரி வயரைக் கழற்றி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் தங்கும். அதனால் குழிக்குள் இறங்கிச் செய்யாதீர்கள், பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது.

முதலில் ஒரு கெட்டிக் கம்பியைச் சட்டத்தோடு வளைத்து மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அதைப் பார்த்துப் பைப்பை வளைக்கலாம். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் பைப் கட்டரும் வளைக்கும் கருவியும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். ரம்பத்தால் அறுத்தால் தூள் உள்ளே விழுந்து கார்புரேட்டர் வரை போகும். ரப்பர் ஹோஸ் மாட்டும் முனையில் சின்ன மேடு எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கிளாம்ப் இறுக்கினாலும் நழுவும்.

கிளிப்பை 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்று, ரப்பர் உறை போட்டதாக வையுங்கள். இது அதிர்வுக்காக மட்டும் இல்லை. செம்புக் கலவை இரும்பை நேராகத் தொட்டு நடுவில் உப்பு ஈரமும் இருந்தால் அந்த இடத்தில் சேசிஸ்தான் வேகமாக அரிபடும். குறுக்குச் சட்டத்தில் துளை வழியாகப் போனால் துளை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையம் (கிரோமெட்) கட்டாயம். கிளிப்புக்குப் பதில் பிளாஸ்டிக் டையால் கட்டாதீர்கள், வெயிலில் பொடிந்துவிடும்.

சேசிஸிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கடைசித் துண்டு மட்டும் ரப்பர், கொஞ்சம் தொய்வோடு. எஞ்சின் மவுண்டிங்கில் ஆடுமே. இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்குத் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக் ரப்பர் உள்ளேயே உரிந்து ஃபில்டரை அடைத்துவிடும்.

மாட்டியதும் இரண்டு முனையையும் கழற்றி லைனைக் காற்றால் ஊதி எடுங்கள். பிறகு ஒரு முனையை அடைத்து, சைக்கிள் பம்பால் லேசாகக் காற்றேற்றி ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். 100 கி.மீ. ஓடியதும் கிளாம்ப்புகளை மறுபடி இறுக்குங்கள். தனுஷ்கோடி போய்வந்த அன்றே அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். லைன் இப்போது வெளியே இருப்பதால் தண்ணீர் எல்லா இடத்துக்கும் போகும்.