வழித் தகராறு: வக்கீலைப் பார்க்கும் முன்

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் யாராவது கையாலை (எல்லைச் சுவர்) கட்டி உங்கள் நடவழியை மறித்தால், முதலில் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்தவர் நிலத்தின் வழியே நடப்பது போன்ற உரிமைகளுக்கான இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882, பிரிவு 15 கேட்பது இதுதான்: 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருக்க வேண்டும். அரசு நிலமென்றால் 30 வருடம். மறித்த பிறகு இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். ஊர்ப் பேச்சுவார்த்தையிலேயே அந்த இரண்டு வருடத்தைக் கரைத்துவிடாதீர்கள், பலருக்கு அப்படித்தான் உரிமை போகிறது.

அனுமதி வாங்கி நடந்த வழி இதில் சேராது. அதனால் போலீஸ் மனுவில் மரியாதைக்காகக்கூட ‘அவர் தயவில் நடந்தோம்’ என்று எழுத வேண்டாம்.

அப்புறம் பத்திரம். 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி மலையாளக் கரையோடு (திருவிதாங்கூர்-கொச்சியோடு) இருந்ததால், தாத்தா காலத்துப் பாகப்பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். மலையாளம் தெரிந்த ஒருவரை வைத்து நான்கெல்லையை வரிவரியாகப் படியுங்கள். வழி அங்கே சொல்லப்பட்டிருந்தால் பெரிய பலம். தாக்கல் செய்யும்போது மொழிபெயர்ப்பையும் சேருங்கள். எதிராளியின் பத்திர நகலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைக்கும். அவருக்கு விற்றவரே வழி விட்டு எழுதியிருக்கக்கூடும்! புலப்படம் (நில அளவை வரைபடம்), வில்லங்கச் சான்று ஆகியவற்றையும் வழக்கம்போல வாங்கி வையுங்கள்.

வழக்குப் போட்ட கையோடு இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பக் கேட்டு மனுப் போடுங்கள். தேய்ந்த படிக்கல், ரப்பர் மரங்களுக்கு நடுவே இறுகிய தடம், பழைய கேட் இருந்த தூண், எல்லாம் அவர் அறிக்கையில் அளவோடு ஏற வேண்டும். இடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழைக்கு) முன்பே இது முடிந்தால் நல்லது.